ஓட்டிப் பார்க்காத ஒன்பதாம் அத்தியாயம்

காகிதக் கட்டைச் சுற்றியிருந்த ரப்பர் பேண்டு இத்துப்போய், தொட்டதுமே துண்டு துண்டாக உதிர்ந்தது. ஒரு துண்டு மட்டும் மேல்தாளோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. ஐந்து வருஷத்துக்கு முன்னால், டேட்டாபேஸ் நிரல் எழுதுவது பற்றித் தமிழில் நீ எழுதிய புத்தகம் அச்சுக்குப் போகுமுன், சரிபார்த்துக் கொடு என்று என்னிடம் தந்தாயே, அந்த பிரிண்ட் அவுட் கட்டுதான். உன் மனைவி செல்வி அதை உன் பீரோவிலிருந்து தேடி எடுத்து நேற்றுக் காலையில் கொண்டுவந்தாள்.

"நீங்க எழுதுற ரிப்போர்ட்டுக்கு ஒதவும்லண்ணே" என்றாள். டீ கூடக் குடிக்கவில்லை. வாசலில் நின்றபடியே, "இந்தப் புத்தகம் காலேசுல பாடமா வரணும்னு அவுகளுக்கு ரொம்ப ஆசை" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நீ போய்ச் சேர்ந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. நாம் இருவரும் பாடம் நடத்திய அதே துறையில் இப்போது உன் புத்தகத்தைப் பாடமாக வைக்கப் பேச்சு நடக்கிறது. இரண்டாம் அச்சு, உள்ளே உன் படத்தோடு. அதற்குமுன் புத்தகத்தின் தரத்தை ஒருவர் மதிப்பிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த வேலையை என்னிடம் தள்ளிவிட்டார்கள். "உங்கள விட அந்தப் புத்தகம் யாருக்கு சார் தெரியும்? நாளக் கடத்தாம திங்கட்கிழம குடுத்துருங்க" என்றார் துறைத் தலைவர்.

படிவத்தில் பன்னிரண்டு கேள்விகள். மொழி, விளக்கம், எடுத்துக்காட்டு என்று ஆறு கேள்விக்கு மளமளவென்று எழுதிவிட்டேன். உன்னைப் புகழ்வதில் எனக்கென்ன சிரமம்? வெளிநாட்டுப் புத்தகமெல்லாம் 'எம்ப்ளாயி, டிபார்ட்மெண்ட்' என்று ஆரம்பிக்கும்போது, நீ அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டின் நேர அட்டவணையை வைத்து ஆரம்பித்தாய். எந்த ஊருக்கு, எத்தனை மணிக்கு, வழியில் எங்கெங்கே நிற்கும். நின்றுபோன நரிக்குடி வண்டியை ஒரு வரியில் தேடிப் பிடிப்பதைப் படித்துவிட்டு நம் வகுப்புப் பிள்ளைகள் சிரித்தார்கள், கூடவே கற்றும்கொண்டார்கள். ஏழாம் கேள்வி இது: நிரல்கள் அனைத்தும் கணினியில் ஓட்டிச் சரிபார்க்கப்பட்டனவா? பக்கத்தில் 'ஆம்', 'இல்லை' என்று இரண்டு கட்டம். நேற்று மத்தியானத்திலிருந்து பேனாவை மூடுகிறேன், திறக்கிறேன்.

மதுரையில் புத்தகக் கடைக்குப் போனால் நீ பண்ணும் கூத்து நினைவிருக்கிறதா? அட்டையைப் பார்க்க மாட்டாய், பொருளடக்கம் பார்க்க மாட்டாய். நேராக, தகவலை அழிக்கச் சொல்லித் தரும் அத்தியாயத்தைத் தேடிப் போவாய். "சேக்கச் சொல்லித் தாரதுக்கு ஆயிரம் பேரு இருக்கான்லே. அழிக்கச் சொல்லித் தாரான் பாரு, அந்தப் பக்கத்துல தெரிஞ்சு போகும் அவன் லட்சணம்." கை தவறி அழித்துவிட்டால் என்ன செய்வது என்று அதே பக்கத்தில் சொல்லாத புத்தகத்தை, எத்தனை கனமாக இருந்தாலும் இருந்த இடத்திலேயே வைத்துவிடுவாய். கடைக்காரர் உன்னை முறைப்பார். நான் பக்கத்தில் நெளிந்துகொண்டு நிற்பேன்.

உன் புத்தகத்தில் அந்த இடம் ஒன்பதாம் அத்தியாயம். கட்டைக் கொடுக்கும்போது விவரமாகச் சொன்னாய். "நான் காலேசு லேப்புல எல்லாத்தையும் ஓட்டிட்டேன். ஆனா பயலுக வீட்டுல ஓசியில எறக்கி வச்சிருக்கானுகளே, அந்த சாப்ட்வேரு வேற. ஒன் வீட்டுல அதுதான இருக்கு. அதுல நீ ஓட்டிப் பாரு. எழுதுன ஆளு கண்ணுக்குத் தப்பு தெரியாதுலே."

எட்டு அத்தியாயம் ஓட்டினேன். பக்கத்துக்குப் பக்கம் என் பென்சில் கீறல் இருக்கிறது. இங்கே ஒரு கமா, அங்கே ஒரு அடைப்புக்குறி. எட்டாவது முடிந்தபோது நிறுத்திவிட்டேன். தலைக்கு மேல் வேலை என்று உன்னிடம் புலம்பியதெல்லாம் பொய். புத்தகம் அத்தனை நன்றாக இருந்தது, அதுதான் காரணம். பத்து வருஷமாக 'நான் ஒரு புத்தகம் எழுதப் போகிறேன்' என்று ஸ்டாஃப் ரூமில் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். ஒரு வார்த்தை சொல்லாமல் எழுதி முடித்தவன் நீ. வயிறு எரிந்தது. இப்போதுதான் இதை எழுத்தில் சொல்கிறேன்.

மீதி அத்தியாயங்களை விருதுநகர் பஸ்ஸில் வைத்துத்தான் முடித்தேன். முடித்தேன் என்றால், பாலவனத்தம் தாண்டுவதற்குள் எல்லாப் பக்கத்திலும் டிக் போட்டேன். ஒன்றைக்கூடப் படிக்கவில்லை.

கட்டைத் திருப்பிக் கொடுத்து ஒரு வாரம் கழித்து பஸ் ஸ்டாண்டில் நீ கேட்டாய். "ஒம்பது பாத்தியாலே?" பார்த்தேன் என்றேன். என் வண்டி கிளம்பி, நான் படியில் கால் வைக்கும்போது ஓடிவந்து மறுபடியும் கேட்டாய். "ஒம்பதுலே. வீட்டு மிசின்ல ஓட்டுனியா?" எனக்குக் கோபம் வந்தது. "ஓட்டிட்டேன்டா, எத்தன தடவ கேப்ப" என்றேன். நீ தலையாட்டிவிட்டு நின்றாய்.

நேற்று இந்தக் கட்டைப் பிரித்தால், ஒன்பதாம் அத்தியாயத்தின் முதல் பக்கத்தில், என் டிக்குக்குக் கீழே, உன் பச்சை மையில் சின்னதாக எழுதியிருக்கிறாய்: 'இதில் தப்பே சொல்லலை. மறுபடி கேட்க.'

புத்தகம் வந்தது. முன்பக்க நன்றியுரையில், 'ஒவ்வொரு நிரலையும் தன் வீட்டுக் கணினியில் ஓட்டிப் பார்த்துச் சரிசொன்ன என் நண்பன்' என்று என் பெயரைப் போட்டிருந்தாய். அன்றைக்கு ஒரு தடவை படித்தேன். அப்புறம் அந்தப் பக்கத்தைத் திறக்கவே இல்லை.

இரண்டு வாரத்துக்கு முன்னால் பரளச்சியிலிருந்து ஒரு பெண் என்னைத் தேடி வந்தாள். நம்மிடம் படித்தவள்தான், இப்போது ஒரு பள்ளிக்கூடத்து நூலகத்தில் இருக்கிறாள். மூன்று மாதம் உட்கார்ந்து ஏற்றிய புத்தகப் பட்டியல் மொத்தமும் போய்விட்டது. அழித்துப் பழக வேண்டும் என்று உன் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, அதில் இருந்தபடியே செய்திருக்கிறாள். 'பயப்பட வேண்டாம், ரோல்பேக் கொடுத்தால் அழித்ததெல்லாம் திரும்பி வரும்' என்று நீ எழுதியிருக்கிறாய். நம் லேப்பில் வரும். அங்கே நாம் உறுதி சொல்லும்வரை எதுவும் நிரந்தரமாக அழியாது. வீடுகளில் இருக்கும் சாப்ட்வேரில் அப்படி இல்லை, அழி என்றால் அந்த நிமிஷமே அழிந்துவிடும். 'ஸ்டார்ட் டிரான்சாக்ஷன்' என்று முன்னால் ஒரு வரி கொடுத்திருந்தால் திரும்பி வந்திருக்கும். அந்த ஒரு வரி உன் புத்தகத்தில் இல்லை.

"நீங்க வீட்டுல ஓட்டிப் பாத்ததுன்னு மொத பக்கத்துல போட்டிருந்துச்சு சார். அத நம்பித்தான் அழிச்சுப் பாத்தேன்" என்றாள். அழவில்லை, குற்றம் சொல்லவும் இல்லை. வெர்ஷன் மாறியிருக்கும்மா என்று வாய்கூசாமல் சொல்லி அனுப்பிவிட்டேன்.

இப்போது பார், எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டுகிறது. 'ஆம்' என்று போட்டால் இன்னும் நூறு பிள்ளைகள் அந்தப் பெண் மாதிரி வந்து நிற்பார்கள். 'இல்லை' என்று மட்டும் போட்டால் பழி உன் தலையில் விழும், செல்வியின் முகத்தை நான் பார்க்க முடியாது. யாருக்கும் சொல்லாமல் இரண்டாம் அச்சில் அந்த வரியைச் சேர்த்துவிடலாம், ஒருவருக்கும் தெரியாது. உண்மையைச் சொல்கிறேன், நேற்று ராத்திரி படுக்கப் போகும்போது அந்த முடிவோடுதான் போனேன். பச்சை மையில் நீ எழுதியது தூங்க விடவில்லை.

இன்று காலை கம்ப்யூட்டரைத் திறந்து ஒன்பதாம் அத்தியாயத்தை முதல் வரியிலிருந்து ஓட்டினேன். பஸ் அட்டவணையை ஏற்றினேன். நரிக்குடி வண்டியை அழித்தேன். ரோல்பேக் கொடுத்தேன். தேடிப் பார்த்தேன், வண்டி இல்லை. ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. இந்த ஐந்து நிமிஷத்தைத்தான் உனக்குத் தராமல் ஏமாற்றியிருக்கிறேன்.

படிவத்தில் 'இல்லை' என்று போட்டேன். கீழே, சரிபார்க்க ஒப்புக்கொண்டவர் யார், எந்த அத்தியாயத்தோடு நிறுத்தினார், எதைச் சேர்க்க வேண்டும் என்று எழுதினேன். நன்றியுரையில் உள்ள என் பெயரை எடுத்துவிடும்படியும் எழுதினேன். பரளச்சிப் பெண்ணுக்குப் போன் செய்து, தப்பு வெர்ஷனில் இல்லை, என்னுடையது என்றேன். பட்டியலை மறுபடி ஏற்ற சனிக்கிழமைதோறும் வருகிறேன் என்றேன். "வாங்க சார்" என்றாள்.

சாயங்காலம் உன் வீட்டுக்குப் போனேன். எதிர்வீட்டில் விசைத்தறி ஓடிக்கொண்டிருந்ததால் செல்வி ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தலை குனிந்தே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அவுகளுக்குத் தெரியும்ணே" என்றாள்.

"தெரிஞ்சுமா எம்பேரப் போட்டான்?"

"நானும் அதத்தான் கேட்டேன். 'அவன் ஓட்டலன்னு தெரியும். பேரப் போட்டுட்டா, அதப் பாக்குறப்பல்லாம் உறுத்தும். ரெண்டாம் அச்சுக்குள்ள ஓட்டிட்டு வந்து தப்பச் சொல்லிருவான்'னாக." "ஒங்க போனு வந்தாலே ஒம்பதாத்தான் இருக்கும்பாக" என்றாள்.

அதற்கப்புறம் நீ இருந்த மூன்றரை வருஷத்தில் எத்தனை தடவை உனக்குப் போன் செய்திருப்பேன் என்று உட்கார்ந்து யோசிக்கிறேன். கிரிக்கெட் பேசியிருக்கிறேன், துறைத் தலைவரைத் திட்டியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் நீ முதலில் ஒரு கணம் பேசாமல் இருப்பாய். டவர் கிடைக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு நான்தான் ஹலோ ஹலோ என்று கத்துவேன்.

ஒன்பது ஓட்டிவிட்டேன்டா. தப்பு இருக்கிறது.