தாய் என்ற கட்டத்தில் எவர் பெயர்

மேக்கன், ஜார்ஜியா
மார்ச் 9

என் அன்பு மகள் லவோனியாவுக்கு,

நானும் உன் தந்தையும் நலம். நீங்கள் மூவரும் நலம் என்பதை நேற்று உன் வாயாலேயே கேட்டுவிட்டதால், நலமா என்று கேட்க வேண்டிய இடத்தில் இன்று இறைவனுக்கு நன்றி சொல்லித் தொடங்குகிறேன். "அம்மா, மார்புக் கட்டியில ஊசி வச்சு எடுத்தது வெறும் பாலும்மா, பால்தான் கட்டியிருக்கு, வேற ஒண்ணுமில்ல!" என்று நீ அலாஸ்காவிலிருந்து கத்தியபோது அடுப்பில் கொலார்டு கீரை தீய்ந்துகொண்டிருந்தது, உன் தந்தை அணைக்க ஓடினார், நான் தொலைபேசியோடு தரையில் உட்கார்ந்துவிட்டேன். கரிந்த கீரையை இருவரும் மிச்சமின்றித் தின்றோம், அப்படியொரு சுவை! "அந்தப் பய அவ்வளவு குடிச்சும் மிச்சம் வைக்கிறானா? இன்னும் நல்லா உறியச் சொல்லு" என்று பேரனைக் கேலி செய்கிறார் உன் தந்தை.

மகளே, ஒன்றை எழுத்தில் வைக்க வேண்டும். நான் பெற்றவர் இருவர், என் தங்கை ஒடெசா பெற்றவர் உன்னையும் சேர்த்து மூவர். பெற்றதென்றும் வளர்த்ததென்றும் எங்களிடம் பிரிவில்லை, ஐவரையும் என் மார்பில் வளர்த்தேன் என்று முப்பது ஆண்டுகள் திருச்சபை மேடையில் முழங்கினேன். அந்த முழக்கத்தைத்தான் நீ மருத்துவமனைப் படிவத்தில் எழுதிவிட்டாய்: தாய்க்குப் பிள்ளைகள் ஐந்து, ஐவருக்கும் தாய்ப்பால், எழுபதிலும் நோயில்லை. "டாக்டருக்கு ஒரே சந்தோஷம், ஆறு மாசம் கழிச்சுப் பாத்துக்கலாம்னுட்டாங்க" என்று நீ சொன்னபோது சரி என்று மட்டும் சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டேன். ஒடெசா எதனால் இறந்தாள் என்று அப்போது உனக்குத் தெரியாது. பெண்களுக்கு வரும் நோவு என்று சொல்லி வீடே மூடியது, முதலில் மூடியவள் நான். இரண்டு நாள் உன்னை அழைக்காமல் தள்ளிப்போட்டேன். எல்லாம் அறிந்த என் பாட்டுக்குழுத் தோழி கிளாடின்தான் வாசலில் நின்று, "ஏன்டி எர்னஸ்டீன், மேடையில சிங்கம், போன்ல பூனையா? அந்தப் புள்ள உசுரு பெருசா, உன் பெரும பெருசா?" என்று கேட்டாள். அதன்பிறகே உன்னை அழைத்து உண்மையைச் சொன்னேன், உன் மருத்துவரும் ஆறு மாதம் காத்திராமல் ஊசி வைத்துப் பார்த்தார்.

அன்று அழுகையில் விட்டுப்போனதை இப்போது எழுதுகிறேன், அப்படியே அவரிடம் காட்டு. ஒடெசா பத்து வயதில் பூப்பெய்தினாள். பதினேழில் முதல் பிள்ளை, முப்பத்திரண்டில் நீ. எவருக்கும் அவள் பாலூட்டவில்லை, ஊட்டுகிறாயா என்று கேட்டவரும் இல்லை. மருத்துவமனையில் பால் வற்ற மாத்திரையும் கையில் புட்டியும் கொடுத்து அனுப்பினார்கள், இரண்டாம் வாரமே சலவைக்கூடத்தில் வேலைக்கு நின்றாள். முப்பத்துநான்கில் மார்பகப் புற்று, அவ்வாண்டே மறைந்தாள். நம் கறுப்பினப் பெண்களை இளவயதில் தாக்கும் ஒரு கொடிய வகை, பிள்ளைகள் பல பெற்றும் பாலூட்டாதவர்களிடம் சற்றுக் கூடுதலாகக் காணப்படுகிறது, பாலூட்டல் ஓரளவு காக்கிறது என்றார் இங்குள்ள மருத்துவர். ஓரளவு என்பதை அழுத்திச் சொன்னார். ஆகவே குற்றம் ஒடெசாவுடையது என்று எவரையும் பேச விடாதே. ஈன்ற பிள்ளையை இறக்கி வைத்துவிட்டு வேலைக்கு வா என்று விரட்டினார்களே, அவர்களைக் கேட்கச் சொல்!

கட்டி வந்ததென்று அஞ்சிப் பாலூட்டுவதை நிறுத்தாதே, ஆண்டுதோறும் சோதனையை விடாதே, குளிரில் தலையை மூடாமல் வெளியே போகாதே. நேற்று நீ தயங்கித் தயங்கிக் கேட்டாய், "தாய்ங்கற கட்டத்துல உங்க பேர அடிச்சுட்டா உங்களுக்கு வருத்தமா இருக்காதாம்மா?" என்று. அடி, மகளே, அழுத்தமாகவே அடி. அங்கே ஒடெசா என்று எழுது, முப்பத்தோராண்டாய் எழுதப்படாத பெயர் அது. அதே தாளின் அடியில், நெருக்கடியில் அழைக்க வேண்டியவர் யார் என்று ஒரு வரி இருக்கும். அங்கே என் பெயரை எழுது. முதல் மணியிலேயே எடுப்பேன்.

நீடு வாழ்க, நிறைந்து வாழ்க.

உன் அம்மா,
எர்னஸ்டீன்