தட்டுக்கு அடியில்

டாக்டர்,

நேற்று பேரிக்காய் நறுக்கினேன். அடுப்பைப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்குள் துண்டுகள் பழுப்பேறிவிட்டன. நீங்கள் இறந்தபிறகு வரும் முதல் பேரிக்காய்க் காலம் இது.

அம்மாவுக்குக் காசநோய் வந்ததால் எட்டாவதோடு படிப்பை நிறுத்திய என்னை, உங்கள் ஹோமியோபதி கிளினிக்கில் மருந்துக் குப்பி கழுவச் சேர்த்துக்கொண்டீர்கள். நான் பேசவே மாட்டேன். "வாயில என்னம்மா, கார்க் அடைச்சிருக்கா?" என்பீர்கள்.

போன வருஷம் ஒரு நாள் பேரிக்காயை நறுக்கி இரண்டு தட்டுகளில் வைத்தீர்கள். ஒன்றில் தண்ணீர் ஊற்றினீர்கள், மற்றதில் உங்கள் சொட்டு மருந்து. மத்தியானம் தண்ணீர்த் தட்டு கறுத்துக் கிடந்தது. மருந்துத் தட்டு வெளுப்பாகவே இருந்தது.

"ஆக்ஸிஜன் பட்டுத்தான் பழம் கறுக்குது. உடம்புக்குள்ளயும் அதே சோலிதான். என் மருந்து தடுக்குது பாத்தியா!"

வந்தவர்களுக்கெல்லாம் தட்டைக் காட்டினீர்கள். அம்மாவுக்கும்தான்.

அன்று சாயங்காலம் அம்மா ஆஸ்பத்திரி மாத்திரைகளைத் தகர டப்பாவில் போட்டு மூடினாள். "இது கொடலைப் புரட்டுது. டாக்டர் மருந்துல பழமே கறுக்கலையாம், என் நெஞ்சா கறுக்கப் போகுது?"

எனக்குச் சந்தேகம். குப்பி கழுவுகிறவளுக்கு அந்த வாசனை தெரியாதா? மூக்கைத் துளைக்கும் ஸ்பிரிட்; சொட்டு மருந்தைக் கலப்பதே அதில்தான். பழத்தைக் காத்தது மருந்தா, ஸ்பிரிட்டா? தெரிந்தேதான் இப்படிக் காட்டுகிறீர்களோ என்றும் நினைத்தேன்.

கேட்பதைவிடச் சோதித்துப் பார்ப்பது எனக்குச் சுலபம். மறுநாள் வெள்ளனே வந்து பேரிக்காய் நறுக்கி மூன்று தட்டுகளில் வைத்தேன். தண்ணீர், மருந்து, வெறும் ஸ்பிரிட். பிளாஸ்திரியில் பெயர் எழுதித் தட்டுக்கு அடியில் ஒட்டினேன். மத்தியானம், "எது உங்க மருந்துன்னு சொல்லுங்க டாக்டர்" என்றேன். அதற்குமுன் அவ்வளவு நீளமாக உங்களிடம் பேசியதில்லை.

"அடேங்கப்பா! எட்டாங்கிளாஸ் எனக்குப் பரீட்சை வைக்குது!"

கறுத்த தட்டை ஒதுக்கினீர்கள். ஒரேபோல் வெளுத்திருந்த மற்ற இரண்டையும் மாறிமாறிப் பார்த்தீர்கள். சிரிப்பு நின்றுவிட்டது. கடைசியில் ஒன்றைத் தொட்டீர்கள். திருப்பினேன். ஸ்பிரிட்.

திட்டு விழும் என்று நின்றேன். நீங்களோ குடையை எடுத்துக்கொண்டு மழையில் எங்கள் வீட்டுக்கு நடந்தீர்கள்.

"பழம் சொன்னதை நான் தப்பாக் கேட்டுட்டேம்மா. டப்பாவைத் திறங்க. மாத்திரையைப் போடுங்க."

அம்மா விழுங்கும்வரை நீங்கள் வாசலைவிட்டு நகரவில்லை.

அதற்குப் பிறகும் நீங்கள் சொட்டு மருந்து கொடுப்பதை விடவில்லை, நான் நம்பவுமில்லை. ஆனால் உங்களை ஏமாற்றுக்காரர் என்று ஒரு ராத்திரி முழுக்க நினைத்ததைச் சொல்லாமலே இருந்துவிட்டேன். இப்போது சொல்கிறேன்.

அம்மா தேறிவிட்டாள்; மூன்று தட்டுக் கதையையும் அவளிடம் சொல்லியிருக்கிறேன். போன வாரம் வத்தலக்குண்டிலிருந்து ஒருவர் எல்லா நோய்க்கும் டானிக் விற்க வந்தார். உள்ளேயிருந்து அம்மா கத்தினாள்: "தட்டைத் திருப்பிக் காட்டச் சொல்லுடி!"

அவர் திருதிருவென்று விழித்தார். முன்பென்றால் கதவுக்குப் பின்னால் ஒளிந்திருப்பேன். குப்பியை வாங்கி, மூடியைத் திருகி, முகர்ந்தேன்.

"இதுல ஸ்பிரிட் எவ்வளவுங்க?" என்று கேட்டேன், டாக்டர்.