இடது காலின் தவக்காலம்

மார்ச் 3, திங்கள்

அரிசி மூட்டை பாதிக்குக் கீழே இறங்கிவிட்டது. இதைச் சமையலறையில் நின்று நான் கண்டுபிடிக்கவில்லை. ஹாலில் ஆன்சன் போட்ட சத்தத்தில் தெரிந்துகொண்டேன்.

என் வீட்டுக்காரருக்குக் கம்ப்யூட்டரில் கார் ரேஸ் ஓட்டும் பைத்தியம். ஸ்டீயரிங்கை மேஜையில் இறுக்கி மாட்டியிருக்கிறார். ஆக்சிலரேட்டரும் பிரேக்கும் கீழே, தரையில், ஒரே பிளாஸ்டிக் பலகையில். பிரேக்கை ஓங்கி மிதித்தால் பலகை டைல்ஸில் வழுக்கிக்கொண்டு சுவர்ப்பக்கம் போய்விடும். அதற்கு முட்டுக்கொடுப்பது எங்கள் அரிசி மூட்டை. புது மூட்டை வந்த வாரத்தில் இவர் ராஜா மாதிரி ஓட்டுவார். சோறு பொங்கப் பொங்க மூட்டை இளைக்கும், இவர் வளைவுகளில் புல்வெளிக்குள் போய் நிற்பார். எனக்கு இப்போதெல்லாம் மளிகைக் கணக்கே தேவையில்லை.

"லோட் செல் பெடல் வாங்கிட்டா இந்தத் தொல்லையே இல்ல ஹெலி" என்றார். அது கால் எவ்வளவு தூரம் போனது என்று பார்க்காதாம். எவ்வளவு அழுத்தி மிதித்தோம் என்று பார்க்குமாம். அதில் இரண்டு பெடல்தான், ஆனால் பிரேக் அப்படியே நிஜ ரேஸ் கார் மாதிரி. இரண்டு வருடமாக இதே பேச்சு. எனக்கு வளைகாப்பு நடந்திருந்தால்கூட இவ்வளவு பேசியிருக்கமாட்டார்.

மார்ச் 5, திருநீற்றுப் புதன்

நெற்றியில் சாம்பலோடு கோயிலை விட்டு வெளியே வந்ததும் ஆன்சன் அறிவித்தார். இந்தத் தவக்காலத்தில் கறி மட்டுமில்லை, ரேஸையும் விடுகிறாராம். ஈஸ்டர் வரை ஸ்டீயரிங்கைத் தொடமாட்டாராம்.

நான் நடுரோட்டில் நின்றுவிட்டேன். உண்மையாகவே பெருமையாக இருந்தது.

வீட்டுக்கு வந்து காபி போட்டு எடுத்துப் போனால், மனிதர் செல்போனில் பெடல் விமர்சன வீடியோ பார்த்துக்கொண்டிருக்கிறார். கேட்டால், ஓட்டுவதைத்தான் விட்டாராம், பார்ப்பதை விடவில்லையாம். அதாவது பிரியாணி சாப்பிடக்கூடாது, மெனு கார்டு படிக்கலாம். இந்தச் சலுகை எந்தத் திருத்தந்தை கொடுத்தது என்று தெரியவில்லை.

மார்ச் 8, சனி

என் விஷயம் ஒன்று. எழுதி வைத்தால் பயம் குறையுமா பார்க்கலாம்.

வானகரம் ஆஸ்பத்திரி லேபில் நான் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து ரத்த சாம்பிள் குப்பிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டி, மிஷினில் ஏற்றி, ரிப்போர்ட் எடுத்துக்கொண்டிருக்கிறேன். இப்போது திருமழிசையில் கிளை லேப் திறக்கிறார்கள். பொறுப்பாளராக என்னைக் கேட்டிருக்கிறார்கள். என்னைத்தான் கேட்டார்கள். ஆனால் வெறும் வயிற்று டெஸ்ட்டுக்கு ஆட்கள் விடியும்போதே வந்துவிடுவார்கள், நான் போய்த்தான் கதவு திறக்க வேண்டும். திருவேற்காட்டிலிருந்து ஷேர் வேன் நிறைந்தால்தான் நகரும். திரும்பும்போது சாம்பிள் பெட்டிகளை வானகரத்தில் சேர்க்க வேண்டும், ஸ்கூட்டரில் அவை நிற்காது. கார் ஓட்டத் தெரிய வேண்டும். ஏப்ரல் கடைசிக்குள் லைசென்ஸைக் காட்டவில்லை என்றால் என்னோடு வேலை செய்யும் ஸ்டெஃபிக்குக் கொடுத்துவிடுவார்கள். ஸ்டெஃபி நல்ல பெண். அதனால்தான் இன்னும் எரிச்சல்.

கார் இருக்கிறது. கீழே, உறை போட்டு. வாங்கிய புதிதில் ஆன்சன் பூந்தமல்லி ஹைரோட்டில் ஓட்டிப்போனார். ஒரு தண்ணீர் லாரி மேலே ஏறப் பார்த்ததாம், அன்றோடு சரி. உலகத்து ரேஸ் மைதானங்களில் எல்லாம் பறக்கிறவர், அம்பத்தூரில் இருக்கும் ஆபீசுக்கு ஆட்டோவில் போகிறார். எல்.எல்.ஆர். வாங்கிய கையோடு 'பக்கத்தில் உட்காருங்க' என்று கேட்டேன். முதுகு வலி என்றார். இன்னொரு நாள் கேட்டேன். அப்போதும் முதுகு. ஆகவே டிரைவிங் ஸ்கூல்.

மார்ச் 10, திங்கள்

ஸ்டீயரிங் சும்மாதானே கிடக்கிறது. அவருக்குத்தானே நோன்பு, எனக்கு இல்லையே. உட்கார்ந்தேன்.

ஆன்சன் முதுகுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்று கற்றுக்கொடுத்தார். தொட்டால் நோன்பு முறிந்துவிடுமாம். "வலது கால் ஆக்சிலரேட்டர், இடது கால் பிரேக். ரெண்டு காலும் எப்பவும் ரெடியா இருக்கணும்" என்றார். கியரெல்லாம் விரலில் தட்டினால் போதும். என்ன சுகம். சுவரில் மோதினேன், ஒரு பட்டனை அழுத்தினேன், கார் புதிதாக வந்து நின்றது.

மார்ச் 13, வியாழன்

தினமும் சாயங்காலம் ஓட்டுகிறேன். இன்று ஒரு முழுச் சுற்று மோதாமல். ஆன்சன் கண்ணில் பொறாமை.

மார்ச் 19, புதன்

டிரைவிங் ஸ்கூல் ஜம்புலிங்கம் மாஸ்டர் இன்று வண்டியை ஓரம் கட்டச் சொன்னார்.

"இன்னாம்மா, போன வாரம் சோக்கா ஓட்டிகினு இருந்தே. இப்ப எடது காலு இன்னா வேலை பண்ணிகினு கீது?"

"சரியாத்தானே சார் பண்றேன்."

"எங்க பண்ற? நீ மெரிக்கிறது கிளச்சு. வண்டிய நிறுத்துறது நானு." அவர் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. இத்தனை நாள் அவர் காலில்தான் நான் நின்றிருக்கிறேன் போல. வலமிருந்து ஏ-பி-சி என்று மறுபடி ஒப்பிக்கச் சொன்னார். ஆக்சிலரேட்டர், பிரேக், கிளச். எல்.கே.ஜி. பிள்ளை மாதிரி ஒப்பித்தேன்.

பதற்றம்தான் காரணம் என்று நினைக்கிறேன். வீட்டில் இன்னும் அதிகமாகப் பழக வேண்டும்.

மார்ச் 27, வியாழன்

டெஸ்ட். போச்சு.

இன்ஸ்பெக்டர் வெளியே நின்றார், வண்டியில் நான் மட்டும். வளைத்துக்கொண்டு வந்தேன், நன்றாகத்தான் வந்தேன். அவர் கையைக் காட்டினார். நிறுத்தணும். நான் மிதிச்சேன், அழுத்தி மிதிச்சேன் — இடது காலால. வண்டி பாட்டுக்குப் போகுது. இன்னும் மிதிக்கிறேன், இன்னும் போகுது. அவரைத் தாண்டிப் போய் கோட்டுல வச்சிருந்த பீப்பாயில தட்டி நின்னுச்சு. அந்த நேரத்துல என் கை என்ன பண்ணுச்சு தெரியுமா? ஸ்டீயரிங்கில் அந்தப் பட்டனைத் தேடியது. புதுக் கார் வர வைக்கும் பட்டனை.

இன்ஸ்பெக்டர் திட்டக்கூட இல்லை. "எங்கம்மா கத்துக்கிட்டீங்க?" என்றார். ஜம்புலிங்கம் மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். பாவம், அவர் என்ன செய்தார்?

ஹாலில்தான் கத்துக்கிட்டேன் சார். அரிசி மூட்டை பக்கத்துல. சி இல்லாத ஏ-பி.

வேலை போய்விடுமோ?

மார்ச் 28, வெள்ளி

சிலுவைப் பாதைக்குப் போனோம். பேசிக்கொள்ளவில்லை.

மார்ச் 30, ஞாயிறு

ஜாபஸ் வந்தான். ஆன்சனோடு பள்ளியில் படித்தவன், இந்த ரேஸ் வியாதியைக் கொண்டுவந்து ஒட்டியவனும் அவன்தான். அவனுக்கு விஷயம் தெரியாது. சோபாவில் சாய்ந்துகொண்டு பெடலைப் பற்றி ஆரம்பித்தான்.

"சிஸ்டர், நீங்களே சொல்லுங்க. ரெண்டு வருசமா லோட் செல் லோட் செல்னு என் காதை அறுத்துகினு இருந்தான். இப்ப ஈஸ்டர் ஆஃபர் போட்டுக்கீறான், வாங்குடான்னா, வேணாம் மாமே, மூணு பெடல் செட்டு பாக்குறேன்றான். அதுல பிரேக்கு சுமார்தான். கிளச்சு வச்சி இன்னா பண்ணப்போறான் இவன்?"

ஆன்சன் தரையைப் பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது. எனக்காக. நான் கிளச்சோடு பழக வேண்டும் என்று தன் கனவைத் தியாகம் செய்கிறார். சினிமாவில் என்றால் இந்த இடத்தில் நான் அழ வேண்டும். ஆனால் கோபம்தான் வந்தது. விளையாட்டுக் கிளச் தலையணையை மிதிக்கிற மாதிரி இருக்கும், நிஜ வண்டி அப்படி இல்லை. "எனக்காக ஒண்ணும் வாங்க வேணாம். இனிமே அந்த நாற்காலியில நான் உட்காரவே போறதில்ல" என்றேன். ஜாபஸ் காபி கேட்காமலே கிளம்பினான்.

ஏப்ரல் 2, புதன்

சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்தேன். ஆன்சன் வந்து எதிரே உட்கார்ந்தார். ஒரே சட்டையை மூன்று தடவை மடித்தார்.

"பெடல் உனக்கு இல்ல ஹெலி. எனக்கு."

"உங்களுக்கு எதுக்குக் கிளச்சு?"

"அன்னிக்குத் தண்ணி லாரி ஒண்ணும் பண்ணல. அது சிக்னல்ல பேசாம நின்னுக்கிட்டிருந்துச்சு. நாந்தான் பிரேக்குன்னு நெனச்சு இடது காலால கிளச்சை அமுக்கிட்டேன். வண்டி நிக்கல. கடைசியில ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். லாரியைத் தொடலை, அவ்வளவுதான்."

முதலில் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. பிறகு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. ஏன் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் நான் அந்தப் பலகையில் கால் வைத்திருப்பேனா? "சொல்லியிருந்தா சிரிச்சிருப்ப" என்றார். நான் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன், சொல்ல முடியவில்லை. சிரித்திருப்பேன். சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் போன் போட்டுச் சொல்லியிருப்பேன்.

"கத்துக்கொடுக்கும்போது விளையாட்டுக்குன்னுதான் நெனச்சேன். நீ போய் அங்கயும் அதே மாதிரி செய்வேன்னு..." கண் கலங்கியிருந்தது. உன் வேலை என்னால் போய்விடக் கூடாது என்றார். இந்த மனிதரைப் பிடித்துத்தானே கட்டிக்கொண்டேன். இன்று மறுபடியும் பிடித்தது. கோபமும் அப்படியே இருக்கிறது, அது வேறு.

இரண்டு வருடமாக அந்த லாரிக்காரரை நானும் சேர்ந்து திட்டியிருக்கிறேன். யார் பெற்ற பிள்ளையோ.

ஏப்ரல் 13, குருத்து ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் ஆன்சன் காரின் உறையைக் கழற்றினார். உள்ளே ஒரு பூனை குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. அதனிடம் மன்னிப்புக் கேட்டார். பேட்டரி மாற்றி, காற்றடித்து, குருத்தோலைச் சிலுவையை டேஷ்போர்டில் வைத்து, எல் போர்டு ஒட்டி, அம்பத்தூர் எஸ்டேட்டுக்குக் கிளம்பினோம். ஞாயிற்றுக்கிழமை கம்பெனிகள் எல்லாம் மூடியிருக்கும், அகலமான ரோடு, ஆள் இருக்காது.

அயனம்பாக்கம் வழியாக அவரே ஓட்டினார். சட்டை முழுக்க வியர்வை. ஒவ்வொரு தடவையும் நிறுத்துவதற்கு முன்னால் "வலது, வலது" என்று ஜெபம் மாதிரி முணுமுணுத்தார். நான் கிண்டல் செய்யவில்லை. செய்யாமல் இருப்பதற்கு எவ்வளவு பாடுபட்டேன் என்று கடவுளுக்குத் தெரியும், அதுவும் நோன்புக் கணக்கில் சேரட்டும்.

எஸ்டேட்டில் நான் ஓட்டினேன். அவர் பக்கத்தில் கையைத் தட்டினால் நிறுத்த வேண்டும். தட்டினார், நிறுத்தினேன், தட்டினார், இடது கால் எகிறியது, வண்டி ஒரு ஷட்டரைப் பார்த்துப் போனது, வலது காலை அழுத்தி நிறுத்தினேன். அங்கே படுத்திருந்த நாய் எழுந்து வேறு தெருவுக்குப் போய்விட்டது.

ஆனால் ஒன்று பார்த்தேன். ஒவ்வொரு தட்டுக்கும் என் பக்கத்து சீட்டில் ஒரு கால் கீழே விரித்திருந்த ரப்பர் மேட்டை ஓங்கி மிதித்தது. அங்கே பெடலே இல்லை. இருந்தாலும் மிதித்தது. இடது கால்.

ஏப்ரல் 14, திங்கள்

புத்தாண்டு லீவு. மறுபடி எஸ்டேட். நாய் எங்களைப் பார்த்ததுமே கிளம்பிவிட்டது.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

ஜாபஸ் பெரிய அட்டைப்பெட்டியோடு வந்தான். மூணு பெடல் செட்டுதான். "ரெண்டு வருசம் பிரேக்கப் பத்தி லெக்சர் குடுத்துட்டு, கடசீல கிளச்சு வாங்கினவன் இவன் ஒருத்தன்தான் சிஸ்டர்" என்றான். இடது காலுக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டால் அது சும்மா வாலாட்டாது என்பது ஆன்சன் கட்சி. வேலை செய்யுமா தெரியாது. ஆனால் அந்த லோட் செல் வீடியோக்களை இவர் பார்த்த பார்வை எனக்குத் தெரியும். அதை விட்டுக்கொடுத்ததுதான் இவருடைய நிஜத் தவம்.

பட்டறையில் செய்த இரும்புப் பலகை ஒன்றையும் ஜாபஸ் கொண்டுவந்திருந்தான். பெடலை அதில் போல்ட் போட்டு இறுக்கினார்கள். அரிசி மூட்டை சமையலறைக்குத் திரும்பியது. அதிலிருந்தே பிரியாணிக்கு அளந்தேன்.

ஏப்ரல் 24, வியாழன்

பாஸ். ஸ்டெஃபிதான் முதலில் கட்டிப்பிடித்தாள்.

ஜூன் 14, சனி

திருமழிசை லேப் திறந்து இரண்டு வாரம். கதவில் என் பெயர் போட்ட பலகை, 'ஹெலினா'வில் 'லி' கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. மாற்றச் சொல்லவில்லை.

இன்று ஆன்சனுக்கு லீவு, துணைக்கு வந்தார். வேலை முடிந்து வானகரத்தில் சாம்பிள் பெட்டிகளை இறக்கிவிட்டு வீட்டுக்குத் திரும்பினோம். முன்னால் ஒரு பஸ் திடீரென்று நின்றது. நான் பிரேக் போட்டேன். பக்கத்தில் மேட்டை மிதிக்கும் சத்தம். ஓரக்கண்ணால் பார்த்தேன். வலது கால். இடது கால் கிளச் இருக்க வேண்டிய இடத்தில், அடக்கமாக.

வேலப்பன்சாவடிக்கு முன்னால் ஒரு ஜூஸ் கடையோரம் நிறுத்தினேன். இறங்கி, சுற்றி வந்து, அவர் பக்கத்துக் கதவைத் திறந்தேன்.

"என்ன ஹெலி?"

"நகருங்க."

"இது பூந்தமல்லி ஹைரோடு."

"தெரியும். அதனாலதான்."

டிரைவர் சீட்டுக்கு நகர்ந்தார். கண்ணாடியைச் சரிசெய்தார், சீட்டைச் சரிசெய்தார், டேஷ்போர்டில் காய்ந்துபோயிருந்த குருத்தோலையைச் சரிசெய்தார். இனி சரிசெய்ய ஒன்றும் இல்லாததால் கிளம்பினார். முணுமுணுக்கவில்லை.

சிக்னலில் எங்களுக்கு முன்னால் ஒரு தண்ணீர் லாரி நின்றது. சத்தியமாக, தண்ணீர் லாரியேதான், பின்னால் குழாயில் ஒழுகிக்கொண்டு. வண்டி அதை நோக்கிப் போனது. ஆன்சன் மெதுவாக, அழகாக, பால் பாத்திரத்தை இறக்கி வைக்கிற மாதிரி நிறுத்தினார். இடையில் ஒரு ஆட்டோ நுழையும் அளவுக்கு இடம் இருந்தது. ஒரு ஆட்டோ நுழையவும் செய்தது.

என்னைத் திரும்பிப் பார்த்தார். முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. பிறகு அவர் பார்வை கீழே இறங்கியது. மேட்டை என் கால் பலமாக அழுத்திக்கொண்டிருந்தது.

எந்தக் கால் என்று நான் எழுதப்போவதில்லை.