ஓரமாக வைத்த பாண்டான் இலை

மச்சான்,

இன்று காலை காஹாங் போவதற்காகத் தங்கை மகனின் காரில் ஏறப் போனேன். முன் இருக்கையில் ஒரு கட்டு பாண்டான் இலை. கரப்பான் பூச்சி வராமலிருக்க வைத்திருக்கிறானாம். "அத ஓரமா வச்சிட்டு உக்காருங்க மாமா," என்றான். அந்த வாசனையில், உலகப் புகழ்பெற்ற என் தொந்தி ஒரு கணம் மூச்சை நிறுத்தியது.

ஜொகூரில் மட்டுமா, பூமத்திய ரேகைக்கு இருபுறமும், பின் சீட்டில் பாண்டான் கட்டு கிடந்த உன் காரைப்போல் மணந்த வாகனம் கிடையாது. அதற்குள் நுழைந்த கரப்பான் ஒன்று மன்னிப்புக் கேட்டுத் திரும்பியதைக் கண்ணால் பார்த்ததாகச் சாப்பாட்டுக் கடையில் சத்தியமே செய்திருக்கிறேன். "இன்னும் கொஞ்சம் அளந்து வுடு லா," என்பாய்.

அந்தக் காரில்தான் மூன்று பேரைப் பத்து பாகாட் ஊரிலிருந்த துணிக் கிடங்குக்கு ஏற்றிப் போனாய். திருட்டு என்று தெரிந்தேதான் போனாய். எஞ்சினை அணைக்காமல் நீ வெளியே காரிலேயே இருக்க, உள்ளே ஒருவன் வயதான காவலாளியைப் பாராங் கத்தியால் வெட்டிக் கொன்றான். நான்கு பேர் மீதும் கொலைக் குற்றம்.

"நான் கார விட்டு எறங்கவே இல்ல. எனக்கு எப்படி கொலக் கேசு?" என்று கேட்டாய்.

உன் வக்கீலம்மா சொன்னார்: "சேந்து திட்டம் போட்டுப் போனா, ஒருத்தர் கை செஞ்சது எல்லார் கையும் செஞ்ச மாதிரிதான். கத்தி இருந்தது உங்களுக்குத் தெரியாதுன்னா, அத வச்சுப் பேசிப் பாக்கலாம்."

"தெரியாது," என்றாய்.

கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளர் வேண்டாம் என்று நீயே மலாயில் பேசினாய். "சாயா சாஜா துங்கு." சும்மாதான் காத்திருந்தேன் என்று சொல்ல நினைத்தாய். அந்தச் 'சாஜா'வுக்கு 'வேண்டுமென்றே' என்றும் பொருள் உண்டு. அரசுத் தரப்பு வழக்கறிஞர் அந்த இரண்டாம் பொருளிலா என்று திருப்பிக் கேட்க, நீ ஆமென்று தலையாட்டினாய். காவலாளியின் மனைவி அப்போதுதான் உன்னை நிமிர்ந்து பார்த்தார்.

நீ குற்றவாளி என்ற தீர்ப்புக்குப் பிறகு நான் ஊரெல்லாம் அந்த ஒரு வார்த்தையைத்தான் சுமந்து திரிந்தேன். அகராதியைத்தான் பிடித்து உள்ளே போட வேண்டும் என்றேன். என் வாயில் அது யானை அளவுக்கு வளர்ந்தது.

கடைசியாகச் சிறையில் பார்த்தபோது நோய் உன்னைப் பாதியாக்கியிருந்தது. சிரிக்க வைக்க எண்ணி அந்த யானையை உன் முன்னும் நடக்க விட்டேன். நீ சிரிக்கவில்லை.

"அத வுடு மச்சான். அந்த வார்த்த ஒண்ணும் பண்ணல. பாராங்க அவன் பின் சீட்ல வச்சான். நசுங்கிடுமேன்னு எலய நான்தான் எடுத்து ஓரமா வச்சேன்."

பிறகு உன் உடலைத்தான் வாங்கினோம்.

எறும்பைக் காண்டாமிருகமாக்குகிறவன் நான். நீ சொன்ன இதை மட்டும் பெரிதாக்கவும் வரவில்லை, சிறிதாக்கவும் வரவில்லை.

"இன்னுமா கையில வச்சிருக்கீங்க? பின்னால போடுங்க மாமா," என்றான் தங்கை மகன், பாதி வழியில்.

போடவில்லை. காஹாங் வரும்வரை அந்தக் கட்டு என் மடியிலேயே இருந்தது.