கறுப்புக் கண்ணாடி ஜீப்

வவுனியா, ஆவணி 2007

அன்புள்ள மனைவி பிரான்சிஸ்காவுக்கு,

தரகன் தேவசகாயம் எனக்கு அநியாயம் செய்துவிட்டான். அந்தப் பெரிய ஜீப்பை முன்பு வைத்திருந்தவர்கள் யார் என்பதை மறைத்து விற்றிருக்கிறான். நான் சுகம். உமது முழங்கால் நோவு எப்படி?

திருநாளுக்கு ஏன் வரவில்லை என்று கேட்டிருந்தீர். கோயில் சுவாமியாரிடம் ஜீப்பை மந்திரித்து ஆசீர்வாதம் வாங்கக் கொண்டுவந்தேன். பாலத்தடிச் சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை எடுத்துக்கொண்டிருக்கும்போதே ஆமிக்காரன் சல்யூட் அடித்துத் தடையைத் தூக்கிவிட்டான். முதலில் சிரிப்புத்தான் வந்தது.

பஸ்ஸால் இறக்கிய சனம் பொதிகளோடு வரிசையில் நின்றது. நம் ஒழுங்கையில் குடியிருக்கும் அந்தோனியம்மாவும் மகனோடு நின்றாள். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி, "ஏறுங்கோ அக்கா, வீட்டில விடுறன்" என்றேன். அவள் மகனை முதுகுக்குப் பின்னால் தள்ளினாள். "ஐயா, இவன் கடலுக்குப் போற பிள்ளை. ஒண்டும் தெரியாது" என்று அழுதாள். என் முகத்தை அவள் பார்க்கவேயில்லை. இந்த ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போன பொடியன்கள் ஒருவரும் திரும்பி வந்ததில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. நம் ஊர் பள்ளிமுனைக்கு வராமல் திரும்பிவிட்டேன்.

நட்டத்துக்கு விற்கமாட்டேன். பிழை தரகனுடையது. ஆனால் இரண்டு பேர் தினமும் வந்து ஜீப்பைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். ஜீப்பின் பதிவுப் புத்தகத்தில் நம் வீட்டு விலாசம் இருக்கிறது.

அந்தோனியம்மாவிடம் அது நான்தான் என்று நீர் சொல்லும். மகள் செலீனா கொஞ்சம் கருவாடு அனுப்பட்டும். இங்கே சாப்பாடு இறங்குவதில்லை. தரகனிடம் நானே கேட்பேன், மருமகன் சிங்கராசா போகக் கூடாது. ஜீப் வாசலுக்கு வந்தால், நான் இறங்கி உமது பெயரைச் சொல்லிக் கூப்பிடும்வரை கதவைத் திறக்காதேயும். வேறு யாராவது இறங்கினால் செலீனா பிள்ளைகளோடு பின்பக்கத்தால் கோயிலுக்கு ஓட வேண்டும். சிங்கராசா மனைவி பிள்ளைகளுக்காகக் காத்து நிற்காமல் முதலில் ஓட வேண்டும்.

சந்தியோகு