முப்பத்தோராவது வாக்குமூலம்

மேசை இழுப்பறையைச் சுத்தம் செய்தபோது அந்தக் கறுப்பு ஃபிளாப்பி அகப்பட்டது. மேலே உன் எழுத்து: 'லினக்ஸ். மீட்புக்கு மட்டும்.' நீ போய் இரண்டு மாதம் ஆகிறது. 

பாளையங்கோட்டையில் வக்கீல் ஆபீசில் நாம் இருவரும் டைப்பிங் வேலை பார்த்த காலம். ஸ்ரீவைகுண்டம் பக்கம் வெள்ளத்தில் வீடிழந்த கூலிக்காரர்கள் முப்பத்தொரு பேரை நேரில் பார்த்து, அவர்கள் வாக்குமூலத்தைக் கணினியில் ஏற்றியிருந்தோம். நிவாரணம் கேட்கும் மனுவோடு அவற்றைத் தாக்கல் செய்ய வேண்டும். தாக்கலுக்கு முந்தின நாள் காலை கணினி திறக்கவில்லை. ஹார்ட் டிஸ்க் கரகரவென்று அரைத்தது.

நீ வருவதற்குள் சரிசெய்துவிட வேண்டும் என்ற பதற்றத்தில், கணினிப் பத்திரிகையோடு இலவசமாக வந்த லினக்ஸ் இயங்குதளச் சிடியைப் போட்டு நிறுவத் தொடங்கினேன். டிஸ்க்கைப் புதிதாகப் பகுதிகளாகப் பிரிக்கட்டுமா என்று திரை கேட்டது. என் விரல் என்டர் மேல் இருந்தது.

"ஏட்டி, கைய எடு."

வாசலில் நீ, தோளில் பையோடு.

"புதுசா ஏத்திட்டா சரியாயிரும்லா?"

"ஏத்துனா இருக்கதுக்கு மேலேயே எழுதிரும். அத்தனையும் போயிரும். காப்பி எடுத்தாச்சுன்னு சொன்னியே, எங்க?"

வெள்ளிக்கிழமை நீ கேட்டபோது, உன் முகத்தைப் பார்த்தே நான் சொன்ன பொய் அது.

"எடுக்கல."

நீ திட்டவில்லை. திட்டியிருக்கலாம். பையிலிருந்து இந்த ஃபிளாப்பியை எடுத்துச் செருகினாய். அதற்குள் அடங்கிய லினக்ஸ், கணினியின் நினைவகத்திலேயே ஓடியது. ஹார்ட் டிஸ்க்கில் எதையும் எழுதவில்லை. டிஸ்க்கைப் படிக்க மட்டும் திறந்து, வேறு ஃபிளாப்பிகளை மாற்றி மாற்றிச் செருகி ஒவ்வொரு வாக்குமூலமாக நகலெடுத்தாய். ஒவ்வொரு முறையும் அரைப்புச் சத்தம் நிற்கும். மறுபடி ஓடும். முப்பது வந்தது. அதோடு டிஸ்க் அடங்கிவிட்டது.

"வராதது யாருது?"

"பேச்சியம்மாளோடது."

"நீயே போயிச் சொல்லு. மிஷின் போச்சுன்னு சொல்லாத. நீ செஞ்சதச் சொல்லு."

அடுத்த பஸ்ஸில் போனேன். பேச்சியம்மாள் வாழைத்தோட்டத்தில் சருகு அறுத்துக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடித்ததும் அரிவாளைக் கீழே வைத்தார். வசவுக்குத் தயாராக நின்றேன்.

"நீ நெசத்தச் சொல்லிட்ட. நானும் சொல்லிருதேன். ஆடு ரெண்டு போச்சுன்னு எழுதச் சொன்னேன்லா, ஒண்ணுதான். மாத்தி எழுதிக்கம்மா."

வரப்பில் உட்கார்ந்து கையால் எழுதினேன். மறுநாள் முப்பத்தொன்றும் தாக்கலாயின. அதன்பின் உன்னிடம் நான் பொய் சொன்னதில்லை.

போன மழைக்காலத்தில், ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு கேட்டாய். "ஏட்டி, நான் பொழைச்சிருவேனா?"

பார்க்க வந்த அத்தனை பேரும் உன்னிடம் ஆமாம் என்றே சொல்லிப் போயிருந்தார்கள்.

"இல்லைன்னுதான் டாக்டர் சொல்லுதாரு."

"சரி. அண்ணனுக்குப் போன் போடு, பேசணும்" என்றாய். உன்னோடு பத்து வருஷமாகப் பேசாதிருந்த அண்ணன். அவர் வந்து சேர்ந்து, கடைசி நான்கு நாளும் உன் பக்கத்திலேயே இருந்தார்.

நான் சொன்னது சரியா என்று இன்றும் எனக்குத் தெரியாது. நீ சொன்ன அந்த 'சரி'யை வைத்துக்கொண்டுதான் நாளைக் கடத்துகிறேன்.