பன்னிரண்டு தாழ்ப்பாள்கள்

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் உடம்பளவில் நலம், நீயும் மருமகளும் குட்டியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி முன்னைக்கு இப்போது தேவலை, மாடிப்படி மட்டும் ஏறக் கூடாது என்று டாக்டர் சொன்னார், சொன்ன மறுநாளே மொட்டை மாடிக்குப் போய்விட்டாள், கேட்டால் "டாக்டரா வந்து துணி காயப்போடுவாரு" என்கிறாள். அக்காவுக்கு வேறு கிளைக்கு மாற்றல் வந்திருக்கிறது, இரண்டு பேருந்து மாறிப் போகிறாள். எனக்குக் கண் கொஞ்சம் மங்கல், இழைத்த பலகையைக் கையால் தடவித்தான் பார்க்கிறேன், பட்டறையை இன்னும் மூடவில்லை.

விடுதி விசாரணைக் கமிஷனிலிருந்து உன் பேருக்கு மறுபடியும் கடிதம் வந்திருக்கிறது. மூன்றாவது தலைவர் பொறுப்பேற்றுவிட்டாராம், விடுதியில் படித்த பிள்ளைகள் எல்லாரும் அடுத்த மாதம் புதிதாக வாக்குமூலம் கொடுக்க வேண்டுமாம், முன்பு கொடுத்தவை செல்லாதாம். நீ இரண்டு முறை விமானம் ஏறி வந்து, முன்பின் தெரியாதவர்கள் முன்னால் நின்று, அந்த வார்டன் உனக்குச் செய்ததை வாய்விட்டுச் சொன்னாய், சொல்லிவிட்டு வந்து இரண்டு நாள் சாப்பிடாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக் கிடந்தாய், அதெல்லாம் ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டது. முதல் தலைவர் வார்டனோடு தோளில் கைபோட்டு நின்ற புகைப்படம் வெளியே வந்ததும் போனார், அந்தப் படத்துக்குச் சட்டம் போட்டுக் கொடுத்தவனே நான்தான். இரண்டாமவர் உடம்பு சரியில்லை என்று போனார். வார்டனுக்கும் உடம்பு சரியில்லை என்று ஒவ்வொரு முறையும் அவருடைய வக்கீல் டாக்டர் சீட்டோடு வருகிறார், கமிஷன் வைத்தாலே பெரிய மனிதர்களுக்கு உடம்பு படுத்துகிறது போலிருக்கிறது. தெருவில் ஒருவருக்கும் நம்பிக்கை இல்லை, எல்லாம் கண்துடைப்பு என்று பேசுகிறார்கள். முனைக்கடைத் தையற்காரர், அவர் மகனும் உன் வகுப்புதானே, "மூணு தடவ அளவெடுத்தாச்சு, சட்டைதான் வரல" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் மகனுக்கு வந்த கடிதத்தைக் கமிஷன் அலுவலக வாசலிலேயே கிழித்துப் போட்டுவிட்டு வந்தவர் அவர்.

போன செவ்வாய்க்கிழமை நானும் அங்கே போனேன். ஏன் போனேன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம், மூன்று நாளாக எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். குளியலறைக் கதவுகளின் உள்தாழ்ப்பாள்களை வார்டன் எடுக்கச் சொன்னார், அதற்குப் பிறகுதான் அவர் உள்ளே வர ஆரம்பித்தார் என்று நீ சொன்னாய், தையற்காரர் மகனும் அதையே சொன்னான். கமிஷன் ஆட்கள் போய்ப் பார்த்துவிட்டு, அந்தக் கதவுகளில் தாழ்ப்பாள் இருந்ததற்கு அடையாளமே இல்லை, ஆகவே பிள்ளைகள் சொல்வது நம்பும்படி இல்லை என்று எழுதினார்கள். பேப்பரில் அதைப் படித்துவிட்டு நீ என்னிடம், "எனக்கே சந்தேகமா இருக்குப்பா, நானா கற்பனை பண்ணிக்கிட்டேனா" என்று கேட்டாய். நான் வாயைத் திறக்கவில்லை. நீ கற்பனை செய்யவில்லை, மகனே. அவற்றைக் கழற்றியவன் நான்.

நீ ஏழாம் வகுப்பில் இருந்தபோது வார்டன் என்னைக் கூப்பிட்டு, "பசங்க உள்ள தாழ் போட்டுக்கிட்டு நேரத்த ஓட்டுறாங்க, எல்லாத்தையும் எடுத்துடுங்க" என்றார். பன்னிரண்டு கதவு, ஒரே மதியத்தில் எடுத்தேன். வேறு தச்சனாக இருந்தால் ஓட்டையை அப்படியே விட்டுவிட்டுப் போயிருப்பான். நான் மரத்தூளையும் பசையையும் குழைத்து ஒவ்வொரு திருகாணித் துளையையும் அடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, அதே வண்ணத்தை இரண்டு முறை அடித்தேன். வார்டன் விரலால் தடவிப் பார்த்து "இருந்த எடமே தெரியலையே" என்றார், எனக்கு அன்றைக்குத் தலைகால் புரியாத பெருமை. அந்தச் சுத்தமான வேலைதான் உன்னைப் பொய்யனாக்கியது. இரண்டு விசாரணையிலும் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன், எழுந்து சொல்லியிருக்கலாம், நீ என்னைத் திரும்பிப் பார்ப்பாயே என்று பயந்து உட்கார்ந்தே இருந்துவிட்டேன்.

இப்போது போய்ச் சொன்னால், அங்கிருந்த எழுத்தர் நீங்கள் பாதிக்கப்பட்டவரா, கண்ணால் பார்த்தவரா என்று கேட்டார். இரண்டும் இல்லை, கழற்றிய தச்சன் என்றேன். "அதுக்குப் படிவம் இல்லீங்களே" என்றார். அவர் முதுகுக்குப் பின்னால் அலமாரிக் கதவு மூடாமல் நிற்கிறது, கீல் இறங்கிவிட்டது, வாக்குமூலப் படிவம் ஒன்றை மடித்துக் கீழே சொருகி வைத்திருக்கிறார்கள். என்னோடு வாருங்கள், உளியால் சுரண்டிப் பன்னிரண்டு கதவிலும் துளையைக் காட்டுகிறேன் என்று கெஞ்சினேன். அவர் யாருக்கோ போன் செய்துவிட்டு வந்து, பிள்ளைகளின் பாதுகாப்புக்காகக் கமிஷனே சிபாரிசு செய்து போன மாதம் எல்லாக் கதவையும் மாற்றிவிட்டார்கள், பழையது விடுதி அடுப்புக்குப் போயிருக்கும் என்றார். இத்தனை வருடத்தில் அவர்கள் செய்து முடித்த ஒரே வேலை அதுதான்.

நீ வர வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன், வராதே என்று சொல்லவும் எனக்கு வாயில்லை. அவர்களைக் குறை சொல்லி இத்தனை பக்கம் எழுதிவிட்டேன், ஆனால் நான் தாழ்ப்பாளைக் கழற்றிய பிறகு வந்த விடுமுறையில் "இனிமே அங்க போகமாட்டேம்பா" என்று நீ முதலில் சொன்னது என்னிடம்தான். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்காமல் கையைப் பிடித்துப் பேருந்தில் ஏற்றிவிட்டு வந்தேன். குட்டி எங்காவது போகமாட்டேன் என்று சொன்னால், எந்த வேலை இருந்தாலும் போட்டுவிட்டு அவள் பக்கத்தில் உட்கார். வேளைக்குச் சாப்பிடு, உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. நீங்கள் மூன்று பேரும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும், என் ஆசிக்கு இன்னும் ஏதாவது பலன் மிச்சம் இருந்தால் அது முழுக்க உங்களுக்கே.

தாழ்ப்பாள் விஷயம் அம்மாவுக்குத் தெரியாது, நீ சொல்வதாக இருந்தால் சொல், நான் தடுக்கமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் அவளுக்குப் போன் செய், போனையே பார்த்துக்கொண்டிருப்பாள். காலை பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை நான் பட்டறையில் இருப்பேன், போனை நான் எடுத்துவிடுவேனோ என்று நீ யோசிக்க வேண்டாம்.

இப்படிக்கு,
அப்பா